இருபது எண்ணும்வரை

இந்த அறையை இன்று காலையில்தான் பினாயில் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். உள்ளே வரும்போதே வாடை வந்தது. நல்ல பழக்கம், தம்பி. நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் பாதி, கால் வைக்கவே கூசும்படி இருக்கும். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இப்படிக் குனிந்தே எழுதினால் சாயங்காலத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். நான் நிதானமாகவே சொல்கிறேன். அடித்துத் திருத்துகிற வேலை உங்களுக்கு இருக்காது.

ரயில்வே கேட்டில் நின்ற காருக்குள் அந்தப் பெரியவர் செத்துப்போனதற்காக என் கொழுந்தனை நேற்று இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். சோதனைச் சீட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது, சரிதான். ஆனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மூன்று பேர். என் வீட்டுக்காரருக்குக் கை. எந்த இன்ஜினையும் பிரித்துக் கோத்துவிடுவார். அவர் தம்பிக்குக் கருவிகள் மேல் நம்பிக்கை. எனக்கு மூக்கு. ஊரில் என் பேரே மூக்கக்காதான். கார் வந்து நின்றதும் இன்ஜினை ஓடவிட்டு, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கண்ணை மூடி இருபது எண்ணுவேன். இறங்கி வந்து சொல்வேன். நான் சொன்ன இடத்தைத்தான் அவர் பிரிப்பார். வண்டியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் பானட்டைக்கூடத் தூக்கமாட்டார். முப்பத்தோரு வருஷமாக அதுதான் எங்கள் வழக்கம்.

பாகு காய்ச்சுவது போல இனிப்பாக வந்தால் கூலண்ட் கசிகிறது. கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் கொதித்துப்போகும். கருகிய வாடை என்றால் ஆயில் எங்கேயோ சூடான குழாய் மேல் சொட்டுகிறது. அழுகின முட்டை என்றால் புகையைச் சுத்தம் பண்ணுகிற பாகம் போய்விட்டது. பச்சைப் பெட்ரோல் வாடை என்றால் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும். இன்னும் சில வண்டிகளில் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளுப்பாக, கெட்டிச் சளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மூக்கு வேண்டாம், கண் போதும். ஆனாலும் அந்தச் சளியை என் மூக்கடியில் கொண்டுவந்து நீட்டுவார்கள், "மூக்குப் பாத்துச் சொல்லுங்கக்கா" என்று.

கேட்கிறவர்களுக்கு இது ஏதோ வரம் மாதிரி தோன்றும். தம்பி, கார் என்பது என்ன? மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிற இடம், தூங்குகிற இடம், வாந்தி எடுத்துவிட்டுப் பழைய பேப்பரால் துடைக்கிற இடம். சீட்டுக்கடியில் கொட்டித் திரிந்த பால், தலை சாய்க்கிற இடத்தில் ஊறிய எண்ணெய்ப் பிசுக்கு, கழற்றிப் போட்ட காலுறை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வாசனை அடித்துக்கொண்டு வந்து எனக்கு வணக்கம் சொல்வார்கள். அவர்கள் காருக்குள் இருபது எண்ணியவள் நான். எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்கப் பிடிக்காமல் போனது இப்படித்தான்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவர் மேல் கியர் ஆயிலும் வியர்வையும் சேர்ந்து, ஈரச் சாக்கை மூடி வைத்த மாதிரி ஒரு வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பரிமாறிவிட்டு நான் சமையலறைக்குள் போய்த் தனியாகத்தான் சாப்பிடுவேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை. சாப்பிடும் முன் கையை இரண்டு தடவை கழுவுவார். மூன்றாவது தடவையும் கழுவிவிட்டு என்னைப் பார்ப்பார்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்திருந்தேன். எழுந்து குளிக்கப் போனால் சோப்புக்கு வாசனை இல்லை. கூழாங்கல்லைக் கையில் வைத்திருப்பது போல இருந்தது. மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து முகர்ந்தேன், ஒன்றுமில்லை. குப்பைக் கூடையின் மேல் குனிந்து மூச்சை இழுத்தேன். வெறும் காற்று. சுத்தமான, யாரும் தொடாத காற்று. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன், தம்பி. துக்கத்தில் அழுததாக நினைக்காதீர்கள். முதுகிலிருந்து மூட்டையை யாரோ இறக்கிவிட்டது போல இருந்தது.

அன்று மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெளியே சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. மூக்கக்காவிடமிருந்து மூக்கை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் அக்கா. அக்காக்கள் தெருவுக்குப் பத்துப் பேர். டாக்டரும், வாசனை தானாகத் திரும்பி வந்தாலும் வரலாம் என்றுதான் சொன்னார். வருகிறவரைக்கும் கண்ணை வைத்து ஓட்டலாம் என்று நினைத்தேன். ஓட்டவும் செய்தேன். தரையில் சொட்டின துளியின் நிறம், குழாய்க்கு மேல் உப்புப் பூத்த மாதிரி காய்ந்த தடம், சைலன்சர் வாயின் கறுப்பு, எல்லாம் சொல்லிக்கொடுக்கும். முகமும் சொல்லும். ஆயில் மாற்றாதவன் என் கண்ணைப் பார்க்கமாட்டான். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னேன்.

பத்தாவது ஆளுக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். "வண்டியில ஒண்ணுமில்ல. உள்ள என்ன கொட்டினீங்க?" என்று கேட்பேன். மீன் ஏற்றினீர்களா, நாயை ஏற்றினீர்களா, குழந்தை ஏதாவது பண்ணிவைத்ததா? எந்தக் காராக இருந்தாலும் உள்ளே ஏதாவது ஒரு அசிங்கம் நடந்திருக்கும், தம்பி. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வெட்கப்பட்டவர்கள் திரும்பி வந்து சண்டை போடுவதில்லை.

இப்படி ஆறு மாதம் போனது. பிறகு என் கொழுந்தன் அந்தப் பெட்டியை வாங்கி வந்தான். மஞ்சள் நிறம், கைக்கு அடக்கமானது, நீளமாக ஒரு ரப்பர் குழாய். அவன் வெளியே நின்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு, குழாயின் முனையைக் கண்ணாடி இடுக்கு வழியாகக் காருக்குள் விடுவான். உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி, விஷப்புகை இருந்தால் எண் காட்டும். அந்த விஷத்துக்குத் தனியாக வாடை கிடையாது. கூட வருகிற இன்ஜின் புகைக்குத்தான் வாடை. இதையெல்லாம் எனக்கு அவன்தான் பொறுமையாக விளக்கினான். என் மூக்கை இளைப்பாற்றத்தான் வாங்கினானாம்.

இரண்டாவது வாரமே ஒரு பல் டாக்டரின் கார் வந்தது. நான் உட்கார்ந்து எண்ணிவிட்டு, ஒன்றுமில்லை என்றேன். கொழுந்தன் குழாயை விட்டுப் பார்த்தான். என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி, "அண்ணி, மெஷின் வேற சொல்லுது. இன்னொரு தடவை உக்காந்து பாருங்களேன்" என்றான். மறுபடி உட்கார்ந்தேன். ஆமாம், இப்போதுதான் லேசாக வருகிறது என்றேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "அப்ப மூக்குக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துடலாம்" என்றார். கொழுந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அண்ணி மூக்குக்கு முன்னாடி இதெல்லாம் விளையாட்டுச் சாமான் சார்" என்றான்.

மனசாரத்தான் சொன்னான். அதுதான் எனக்குக் குமட்டியது. ஒருவர் நம்மை இரக்கத்தோடு தாங்கிப் பிடிக்கும்போது அவர் கையின் ஈரம் நம் மேல் ஒட்டுகிறது பாருங்கள், அது.

மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் சாமான் கடைக்குப் போயிருந்தபோது அந்தப் பெட்டியை எடுத்தேன். குழாய் பெட்டியோடு சேருகிற இடத்தில் தளர்வாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அதை மேலே தள்ளிவிட்டு, அடியில் பிளேடால் நகத்தளவு கீறினேன். உறையைப் பழையபடி இறக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும் போகும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி காருக்குள் இருப்பதைவிட எங்கள் ஒர்க்‌ஷாப் காற்றைத்தான் அதிகமாகக் குடித்தது. நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களே, உறையைத் தள்ளிப் பாருங்கள்.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் வருகிறவர்கள் யாரை நம்புவார்கள்? அந்தக் குழப்பத்தைத்தான் நான் தீர்த்தேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். அதன்பின் மெஷினும் மூக்கும் ஒரு தடவைகூட மாறுபடவில்லை. கொழுந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "முதல்ல அண்ணி சொல்லுவாங்க, அப்புறம் மெஷின் ஆமான்னு சொல்லும்" என்பான்.

அந்தத் தையல்காரப் பெண் வந்தது போன மாதம். நீங்கள் அவளை ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். புருஷன் வெளியூரில் வேலை பார்க்கிறான். சிறுநீரகம் கெட்டுப்போன மாமனாரை வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிப்போகிறவள் அவள்தான். கார் பழசு. மாமனார் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறக்கி ஏற்றுவது பெரிய பாடு என்று அவரை இறக்கவில்லை.

"ஆஸ்பத்திரி போற அன்னைக்கெல்லாம் தலை வெடிக்குதுக்கா. மாமா வேற வாந்தி எடுக்கறாங்க. புகை நாத்தம், புகை நாத்தம்னு கண்ணாடிய இறக்கிக்கிட்டே வராங்க" என்றாள்.

கதவைத் திறந்து ஏறினேன். பெரியவரின் வாயோரம் காய்ந்த எச்சில். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் போகிற குழாய், பாதிவரைக்கும் மஞ்சளாக ஏதோ. சீட்டில் ஈரம் காய்ந்து காய்ந்து வளையம் வளையமாகக் கறை. எனக்கு வாடையே தெரியாத நாளில்கூட மூச்சை அடக்கிக்கொண்டேன். அவரோ என்னைப் பார்த்து விருந்தாளியை வரவேற்பது போலச் சிரித்தார். "வாம்மா. உன் மூக்கு பெரிய மூக்குன்னு ஊரே சொல்லுது. நான் நாப்பது வருஷம் மில்லுல பாய்லருக்கு நெருப்புப் போட்டவன். ரெண்டு மூக்கும் சேந்து பாப்போம்" என்றார்.

நான் கண்ணை மூடினேன். அவர் பின்னாலிருந்து வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது எண்ணுவது போல, சந்தோஷமாக. என் பிடரியில் அவர் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. இருபது வந்ததும், "புகைதானே?" என்றார்.

கதவைத் திறந்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். வெளியே அந்தப் பெண்ணும், கொழுந்தனும், முறைக்குக் காத்திருந்த மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். "இல்லைங்கய்யா. அது உங்க வாடை" என்றேன்.

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கொழுந்தன் தர்மசங்கடத்தோடு குழாயைப் பின்கண்ணாடி இடுக்கில் விட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் காட்டவில்லை என்று சீட்டில் எழுதினான். என் வீட்டுக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். பெரியவர் மட்டும் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "என் வாடை எனக்குத் தெரியாதாம்மா? அது எங்கூடவேதான் இருக்கு. இது வேற" என்றார்.

அந்தப் பெண் காது மடல்வரை சிவந்துபோய், "போதும் மாமா, சும்மா இருங்க" என்றாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. அதனால்தான் யோசனையும் சொன்னேன். கண்ணாடியை இறக்கினால் ரோட்டுப் புகைதான் உள்ளே வரும். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஏசியை உள்காற்றில் வைத்து ஓட்டு என்றேன். பின்சீட்டில் இருப்பவர் அமுக்கினாலும் கண்ணாடி இறங்காதபடி டிரைவர் கதவில் ஒரு பொத்தான் உண்டு. அவளுக்கு அது தெரியாது. நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

ஒன்பதாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில். இருபத்தைந்து நிமிஷம். வெயில் என்று இன்ஜினை அணைக்காமல் ஏசி போட்டு நின்றிருக்கிறாள். கேட் திறந்த பிறகும் அந்தக் கார் நகரவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். மீதி உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பெரியவரின் விரல் கண்ணாடிப் பொத்தானிலேயே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். எழுத்து அழகாக இருந்தது.

உங்கள் ஆட்கள் வந்து கொழுந்தனைக் கூப்பிட்டபோது அவன் மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மெஷின் பொய் சொல்லாது அண்ணி, நீங்களும் பாத்தீங்கள்ல?" என்று என்னையே கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் போன பிறகு என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். "உனக்கு வாடை தெரியறதில்லன்னு எனக்குத் தெரியும்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நீ தட்டை எடுத்துக்கிட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தியே, அன்னையிலேருந்து."

ஏன் சொல்லவில்லை என்றேன். கையை விரித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "சொன்னா நீ மறுபடி உள்ள போய் உக்காந்துக்குவேன்னுதான்."

அதை எழுதவேண்டாம், தம்பி. எழுதிவிட்டீர்களா? சரி, இருக்கட்டும்.

இன்று காலையில் இங்கே வருவதற்கு முன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் பெரியவரின் மெத்தையை வெயிலில் போட்டிருந்தார்கள். அதைக் கடந்து படியேறினதும் எனக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மருந்து, மூத்திரம், வியர்வை எல்லாமே. முகம் சுளித்தேன், பழையபடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூக்கு வந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் தைரியமாக உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இடையில் ஒரு வருஷம் உடம்பு சரியில்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கை நடுங்குகிறது. நூல் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறதே தவிர உள்ளே போகவில்லை. இனி அப்படித்தான் இருக்குமாம். நான் வாங்கி ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தேன். "உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்குக்கா" என்றாள்.

நல்லாத்தான் இருக்கிறது. அதனால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர் "இது வேற" என்று சொன்னாரே, அப்போது முன்னால் நகர்ந்ததில் அவர் காலடியில் போட்டிருந்த துண்டு சரிந்துவிட்டது. இறங்கிப் பின்கதவைத் திறந்து, சரிசெய்யக் குனிந்தேன். துண்டின் மேல்பக்கம் வெள்ளை. அடிப்பக்கம் விளக்குக் கண்ணாடி மாதிரி கரி பிடித்திருந்தது. அது இருந்த இடத்தில் காரின் தரை துருப்பிடித்து, இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. கையை வைத்தேன். உள்ளங்கையில் சூடாகக் காற்று அடித்தது. அடியில் புகைக்குழாய் வெடித்திருக்கிறது என்பதைச் சொல்ல மூக்கும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். வண்டியைத் தூக்கினால் என் வீட்டுக்காரருக்கு அரை நாள் வேலை.

நான் நிமிர்ந்தால் ஐந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்துவிட்டேன். துப்பியதை அத்தனை பேர் முன்னால் குனிந்து நக்க என்னால் முடியவில்லை. துண்டைக் கரி உள்ளே போகும்படி மடித்து, ஓட்டையின் மேலேயே வைத்து, அவர் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்தேன். தோல் உரிந்து, நகம் மஞ்சளாக நீண்டிருந்தது. வேறு யாரும் தொடமாட்டார்கள் போல. "நல்லா இரும்மா" என்றார்.

பிறகு போய்க் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்போதுகூட அவள் இன்னும் கிளம்பவில்லை. தெரு முனையில் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பின்கண்ணாடி ஏற்றியிருந்தது.

ஆகையால் கொழுந்தனை விட்டுவிடுங்கள். அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். அந்தக் கார் உங்கள் பின்வாசலில்தான் நிற்கிறது. ஒரு தடவை உட்கார விடுங்கள், இருபது எண்ணுகிறவரைக்கும் போதும். இப்போது சரியாகச் சொல்லிவிடுவேன். மூக்கு திரும்பியது நிஜம்தானா என்று சந்தேகமாகப் பார்க்கிறீர்கள். உள்ளே வந்ததும் இந்த அறையின் பினாயில் வாடையை முதலில் சொன்னது நான்தானே?

என்ன சொல்கிறீர்கள்?

பினாயில் திங்கட்கிழமையே தீர்ந்துவிட்டதா? வெறும் தண்ணீர்தானா? இல்லை, வாசலில் வாளியும் துடைப்பமும் ஈரமாக இருந்ததே. தரைகூட இன்னும் காயவில்லை.

அப்படியென்றால் கோளாறு உங்கள் தரையில்தான், தம்பி. இங்கே என்ன கொட்டினீர்கள்?